உஷார்! அண்டர்சூட்டை வாஷிங் மெஷினில் போடும் முன்…

குளிர்நீரில் மூழ்கும் ஸ்கூபா டைவர்களில், தண்ணீர் புகாத டிரை சூட்டைப் பராமரிப்பதில் யாரும் குறை வைப்பதில்லை. நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். ஜிப்புக்கு மெழுகு தேய்க்கிறார்கள். கழுத்து சீலுக்கும் மணிக்கட்டு சீலுக்கும் பவுடர் போட்டு, தடித்த ஹேங்கரில் மாட்டி வைக்கிறார்கள். உள்ளே போட்டிருந்த அண்டர்சூட் மட்டும் பேஸ்மென்ட்டுக்குப் போகிறது. துவாலை, ஜீன்ஸ், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எல்லாவற்றோடும் சேர்ந்து வாஷிங் மெஷினில் விழுகிறது. வாசனைக்கு ஒரு மூடி சாஃப்ட்னர். பிறகு டிரையரில் உச்ச சூடு, கூடவே ஒரு டிரையர் ஷீட். ஒரு மணி நேரத்தில் மணக்க மணக்க வெளியே வருகிறது.

உஷார்! அந்த ஒரு மணி நேரத்தில் அந்த உடையின் உடல் சூட்டைப் பிடித்து வைக்கும் திறனில் பெரும்பகுதி போயிருக்கலாம். தையல் பிரிந்திருக்காது, நிறம் மங்கியிருக்காது, தொட்டால் முன்னைவிட மிருதுவாகக்கூட இருக்கும். ஆனால் 30 மீட்டர் ஆழத்தில், 4 டிகிரித் தண்ணீரில், மேலே வர இன்னும் நிறைய நேரம் இருக்கும்போது உண்மை தெரியவரும்.

இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டொராண்டோவைச் சுற்றி வாழும் நம்மவர்களில் ஸ்கூபா பழகுகிற இளையவர்கள் இருக்கிறார்கள். கரீபியன் கடலில் பழகிவிட்டு, அடுத்த கோடையில் டோபர்மோரிக்குக் காரை எடுக்கிறார்கள். புரூஸ் தீபகற்பத்தின் நுனியில், ஹியூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது அந்தச் சிற்றூர். டொராண்டோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். 1987-ல் அமைந்த ஃபேதம் ஃபைவ் தேசியக் கடற்பூங்கா அங்கேதான். ஏரிக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கப்பல் சிதைவுகள் கிடக்கின்றன. 1884-ல் மூழ்கிய 'அரேபியா' என்ற பாய்மரக் கப்பல் 35 மீட்டர் அளவிலான ஆழத்தில் இன்னும் உருக்குலையாமல் கிடக்கிறது. அதைப் பார்க்கத்தான் அத்தனை பேரும் வருகிறார்கள்.

ஆகஸ்ட் மாதம் மேல்தண்ணீர் இதமாக இருக்கும். படகில் நிற்பவருக்கு வியர்த்து வழியும். ஆனால் தண்ணீருக்கு அடர்த்தி அதிகமாக இருப்பது 4 டிகிரியில். அந்தக் கனத்த குளிர்நீர் அடியில் தங்கிவிடும், கோடை வெயில் அதைத் தொடாது. கீழே இறங்கும்போது ஓர் ஆழத்தில் திடீரென்று முகத்தில் ஊசி குத்தும். அதற்குக் கீழே ஆகஸ்டும் இல்லை, கோடையும் இல்லை.

இந்த இடத்தில் உங்களைக் காப்பது எது? டிரை சூட் என்று சொல்லாதீர்கள். இன்று பலரும் போடும் மெல்லிய டிரைலேமினேட் சூட், இரண்டு நைலான் அடுக்குகளுக்கு நடுவே ஒரு ரப்பர் அடுக்கு, அவ்வளவுதான். தண்ணீரை வெளியே நிறுத்துவதோடு அதன் வேலை முடிந்தது. உடல் சூட்டைப் பிடித்து வைப்பது அண்டர்சூட்டின் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக் கிடக்கும் காற்று. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். அந்த இழைகள் நசுங்கிப் படிந்தாலோ, ஈரத்தில் ஊறினாலோ, காற்று இருந்த இடம் போய்விடும். அண்டர்சூட்டை, மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டருக்குச் சமமான உயிர்காப்புக் கருவியாகத்தான் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரை யாரும் சாஃப்ட்னரில் ஊறவைப்பதில்லை.

முதல் எதிரி அந்தச் சாஃப்ட்னர்தான். அதன் வேலையே நூலின்மேல் கொழுப்புப் படலம் ஒன்றைப் பூசுவது. அதனால்தான் துணி வழுவழுப்பாகிறது. பருத்திப் பனியனுக்கு அதனால் பெரிய கேடில்லை. தின்சுலேட், ஃபிளீஸ் போன்றவற்றுக்கு அது விஷம். இவை மிக நுண்ணிய செயற்கை இழைகள். நீரை ஏறக்குறைய உறிஞ்சாது என்பதுதான் இவற்றின் பெருமையே. டிரை சூட்டில் கொஞ்சம் தண்ணீர் கசிந்தாலும் கூட ஓரளவு சூடு மிஞ்சும் என்று நம்பி இவற்றை உடுத்துகிறோம். அந்த இழைமேல் படலம் ஏறினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும், வியர்வையை வெளியே கடத்தும் தன்மை குறையும். டிரையர் ஷீட்டும் இதே பூச்சுதான், சூட்டில் உருகித் துணியில் ஏறுகிறது.

நான் சாஃப்ட்னர் ஊற்றுவதில்லையே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். போன முறை வீட்டில் யாராவது ஊற்றியதன் மிச்சம் மெஷினின் இழுப்பறையில் நிற்கும். அதைக் கழற்றிப் பாருங்கள், மூலையில் கொழகொழவென்று நீலமாகவோ வெள்ளையாகவோ ஒட்டியிருக்கும். வெந்நீரில் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில் மெஷினை ஒரு சுற்று ஓடவிட்டபிறகே அண்டர்சூட்டை உள்ளே வையுங்கள். காசு போட்டு ஓட்டும் பொதுச் சலவைக்கூடங்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே உங்களுக்கு முன் நூறு பேர் என்னென்னவோ ஊற்றியிருப்பார்கள்.

சோப்பும் அளவு மீறினால் எதிரிதான். நிறைய நுரை வந்தால் நன்றாக வெளுக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. தடித்த அண்டர்சூட்டுக்குள் புகுந்த சோப்பு ஒரே அலசலில் வெளியே வராது. மிஞ்சும் சோப்பு தண்ணீரை ஒட்டவைக்கிற பொருள். நீரை விலக்க வேண்டிய இழையை நீரை வரவேற்கிற இழையாக மாற்றிவிடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். துவைத்துக் காய்ந்த அண்டர்சூட்டை வெதுவெதுப்பான நீர் நிரப்பிய குளியல் தொட்டியில் அமுக்கி, இடுப்புப் பகுதியை இரண்டு கையாலும் பிசையுங்கள். நுரை மேலே வந்தால், அத்தனை நாளும் அந்தச் சோப்போடுதான் ஏரிக்குள் இறங்கியிருக்கிறீர்கள். நுரை நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். இனிமேல் திரவச் சோப்பை வழக்கமான அளவில் பாதிக்கும் குறைவாகவே விடுங்கள், அலசலை இரண்டு முறை வையுங்கள். 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். ஜிப்பை மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். நடுவில் தண்டு நின்று முறுக்குகிற மேல்திறப்பு மெஷின் வேண்டாம், முன்திறப்பு மெஷின் நல்லது. தைத்த பஞ்சடுக்கை அந்தத் தண்டு இழுத்துக் கிழித்து ஒரு மூலைக்குத் தள்ளிவிடும்.

இதெல்லாம் பொதுவான முறை. உங்கள் உடையின் உள்ளே தைத்திருக்கும் லேபிள் வேறு மாதிரி சொன்னால் லேபிள் சொல்வதே சரி. அதைப் படிக்காமல் கத்தரித்து எறிந்தவர்கள் தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூடு. தின்சுலேட் வகைகள் சிலவற்றிலும், பழைய குளிர்கால உள்ளாடைகள் பலவற்றிலும் இருப்பது பாலிப்ரொப்பிலீன். அது உருகுவது 160 டிகிரி அளவில்தான், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிச் சுருங்கத் தொடங்கும். வீட்டு டிரையரின் உச்ச சூடே அதற்குப் போதும். சுருங்கிய அண்டர்சூட் தோளில் இறுக்கும். தோளில் இறுக்கினால் முதுகுக்குப் பின்னால் இருக்கும் டேங்க் வால்வை உங்கள் கை எட்டாது. துவைத்ததில் வந்த கோளாறு அங்கே போய் நிற்கிறது. அவசரத்தில் ஹீட்டர் மேல் போட்டுக் காயவைப்பது அதைவிட மோசம். செயற்கை இழை பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். வீட்டையே இழக்க நேரும்.

மெரினோ கம்பளி உள்ளாடை போடுகிறவர்களுக்கு ஆபத்துகள் வேறு. கம்பளி நம் தலைமுடியைப் போலப் புரதம். கறை நீக்கும் சோப்புகளில் சேர்க்கும் புரத நொதி, முட்டைக் கறையைக் கரைப்பது போலவே கம்பளியையும் அரிக்கும். குளோரின் பிளீச் பட்டால் கம்பளி கரைந்தே போகும். வெந்நீரும் உலுக்கலும் சேர்ந்தால் முடியின் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி, பெரியவரின் மேலாடை பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவுக்குச் சுருங்கிக் கெட்டித்துவிடும். திரும்ப வராது. கம்பளிக்கென்றே விற்கும் சோப்பில், குளிர்ந்த நீரில் அமுக்கி எடுத்து, முறுக்கிப் பிழியாமல் துவாலையில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள்.

கம்பளி என்றதும் பெட்டியில் அந்துருண்டை போடும் பழக்கம் நம் கையில் தானாக வந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். நாஃப்தலின் ஆவி துணியில் ஏறும். அந்தத் துணியை நீங்கள் கழுத்துவரை காற்றுப் புகாத உறைக்குள் அடைத்து மணிக்கணக்கில் உடுத்தப்போகிறீர்கள். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு நாஃப்தலின் சிவப்பணுக்களையே சிதைக்கும், அந்தக் குறைபாடு தெற்காசியர்களிடையே அரிதல்ல. அந்துப்பூச்சியின் புழு தேடி வருவது வியர்வையும் எண்ணெய்ப்பசையும் படிந்த கம்பளியைத்தான். சுத்தமாகத் துவைத்து, நன்கு மூடும் பையில் வைத்தால் போதும்.

நன்னீர் ஏரிதானே, உப்பு ஏது, எதற்குத் துவைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. உப்பு உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. ஆகஸ்ட் வெயிலில், படகின் மேல்தட்டில், முழு அண்டர்சூட்டும் டிரை சூட்டும் மாட்டிக்கொண்டு உங்கள் முறைக்காகக் காத்திருக்கும் அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வியர்வை எங்கும் போக வழியில்லை. குளிர்நீரில் இறங்கியதும் டிரை சூட்டின் உள்பக்கத்தில் நீர்த்துளியாகப் படிந்து, அண்டர்சூட்டுக்கே திரும்பும். காய்ந்தபிறகு அதில் நிற்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். நோர்வேயின் ஃபியோர்டுகளிலும் ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃபுளோவிலும் மூழ்குகிறவர்களுக்குக் கடல்நீர்க் கசிவும் சேரும். நோர்வேயின் பெர்கன் நகரில் ஒரு வாரம் தொங்கவிட்டாலும் உப்பேறிய அண்டர்சூட் தொட்டால் பிசுபிசுக்கும். அதை எவ்வளவு காயவைத்தாலும் பயனில்லை, முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சிறுநீரைச் சூட்டுக்கு வெளியே விடும் பீ-வால்வ் கழன்று சிறுநீர் பட்டிருந்தால் அன்றிரவே அலசியாக வேண்டும். இதில் கூச்சம் எதற்கு? குளிர்நீரில் சிறுநீர் அதிகம் சுரப்பது உடம்பின் இயல்பு. வெட்கப்பட்டு அப்படியே பையில் சுருட்டி வைப்பவர்களுக்குத்தான் தோல் புண்படுகிறது.

அதற்காக ஒவ்வொரு டைவுக்கும் துவைத்துத் தள்ளுவதும் தவறு. என் கணிப்பில், தடித்த அண்டர்சூட்டைக் காப்பாற்றுவதற்கு மலிவான வழி உள்ளே தோலோடு ஒட்டி ஒரு மெல்லிய பேஸ் லேயர் போடுவதுதான். வியர்வையையும் எண்ணெயையும் அது வாங்கிக்கொள்ளும். அதைத் தினமும் துவையுங்கள். இரண்டு செட் வைத்திருங்கள். தடித்ததை ஒவ்வொரு நாளும் உள்பக்கம் வெளியே திருப்பி மின்விசிறி முன்னால் மாட்டிவிட்டு, நாற்றம் பிடிக்கும்போதோ உப்பு படும்போதோ துவைத்தால் போதும். மின்சூடு தரும் உள்சட்டை வைத்திருப்பவர்கள் பேட்டரியைக் கழற்றாமல் எந்தத் தண்ணீரிலும் போடாதீர்கள்.

இப்போது யாரும் கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன். டிரை சூட்டின் இடது மேற்கையில் காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வ் இருக்கிறது. மேலே ஏறும்போது சூட்டுக்குள் விரியும் காற்று அதன் வழியேதான் வெளியேற வேண்டும். சூட்டை உள்பக்கம் திருப்பி, அந்த வால்வின் பின்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிறுசிறு துளைகள். அவற்றில் சாம்பல் நிறத்தில், ஈரம் பட்டு இறுகிய நூல்சுருள் ஒட்டியிருக்கிறதா? அது உங்கள் ஃபிளீஸ் உதிர்த்த பஞ்சு. துவாலையோடு சேர்த்துத் துவைத்திருந்தால் துவாலைப் பஞ்சும் கூட இருக்கும். ஓர் இழை வால்வின் மெல்லிய ரப்பர் இதழுக்கு அடியில் போய் மாட்டினால் வால்வ் முழுதாக மூடாது, கையில் சில்லென்று தண்ணீர் இறங்கும். பஞ்சு துளைகளை அடைத்தால் அதைவிடக் கொடுமை: காற்று வெளியே போக வழியில்லாமல் நீங்கள் பலூனாக மேலே இழுக்கப்படுவீர்கள். நுரையீரல் கிழிவதும், உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகும் டீகம்ப்ரஷன் நோயும் அந்த ஏற்றத்தில்தான் காத்திருக்கின்றன. எனவே அண்டர்சூட்டைத் தனியாகத் துவையுங்கள். உருண்டை உருண்டையாய் நூல் திரளும் இடங்களைப் பிய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பருவம் தொடங்கும் முன் கடையில் கொடுத்து வால்வைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

அண்டர்சூட்டோடு விடுதியிலிருந்து காரில் வருவது, அப்படியே புல்லில் உட்கார்ந்து காபி குடிப்பது, நாயைக் கொஞ்சுவது எல்லாம் கண்ணில் படுகிற காட்சிகள். கழுத்து சீலுக்கு அடியில் ஒரே ஒரு நாய்முடி மாட்டினால் போதும், அதுவே தண்ணீருக்கு வாய்க்கால்.

குளிர் என்றால் நடுக்கம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆழத்தில் உடம்பு சூடாக இருந்து, மேலேறும் கட்டத்தில் குளிர்ந்துபோனால் டீகம்ப்ரஷன் நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது என்று அது காட்டியது. ஆழத்தில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்ததால் திசுக்கள் நைட்ரஜனை நிறைய வாங்கிவிட்டன. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியதும் அது வெளியேறும் வழி அடைபட்டது. கெட்டுப்போன அண்டர்சூட் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது இதே நிலையில்தான். வெயிலில் வியர்த்து சூடாக இறங்குகிறீர்கள். சிதைவைச் சுற்றி நீந்தும்வரை தெரிவதில்லை. ஈரம் ஊறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலே வரும் வழியில் ஸ்டாப்பில் அசையாமல் நிற்கும் நிமிடங்களில் குளிர் எலும்பைத் தொடுகிறது. விரல் மரத்து பொத்தானை அழுத்த முடியவில்லை, டைவ் கம்ப்யூட்டரின் எண் புத்தியில் ஏறவில்லை, மூச்சு வேகமாகி டேங்க் காலியாகிறது. அங்கிருந்து சீக்கிரம் மேலே போய்விடவும் முடியாது.

உலர்த்துவதிலும் பொறுமை வேண்டும். நனைந்த அண்டர்சூட் கனமானது. தோளைப் பிடித்துத் தூக்கினால் உள்தையல் அறுந்து பஞ்சடுக்கு கீழே சரியும். இரு கையாலும் அடியில் ஏந்தி எடுத்து, கம்பிச் சட்டகத்தில் பரப்பி, நீர் வடிந்தபின் மாட்டுங்கள். கோடையில் பேஸ்மென்ட் ஈரமாக இருக்கும், மேல்மாடிக்குக் கொண்டு போங்கள். வெளித்துணி காய்ந்ததும் காய்ந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கவட்டுத் தையல், அக்குள், காலரின் மடிப்பு, இந்த மூன்றையும் உதட்டில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் உதட்டுக்குத் தெரியும். சில்லென்றால் இன்னொரு நாள் ஆக வேண்டும். குளிர்காலம் முழுக்க எடுத்து வைக்கும்போது காற்றை உறிஞ்சி அமுக்கும் பைகளில் போடாதீர்கள், மாதக்கணக்கில் நசுங்கிய இழை முழுதாக எழும்பாது.

வாடகைக்கு எடுப்பவர்களும் உஷார். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரிதான். இரு கண்டத்தட்டுகளுக்கு நடுவே மிதக்கும் ஆசையில் லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் போகிறவர்கள், கொடுத்த உடையை மறுபேச்சின்றி மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் வேறொருவர் போட்டுக் கழற்றியதாக இருக்கலாம். கையை உள்ளே விட்டு முதுகையும் கவட்டையும் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் வேறு கேளுங்கள். காசு கொடுத்தவர் கேட்பதில் தவறே இல்லை.

இன்றே உங்கள் அண்டர்சூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தோளிலும் முழங்காலிலும் பின்புறத்திலும் பஞ்சடுக்கு மெலிந்து வெளிச்சம் வடிகிறதா என்று பாருங்கள். அந்த இடத்தையும் நெஞ்சுப் பகுதியையும் விரலுக்கு நடுவே அழுத்தி ஒப்பிடுங்கள். தடிமனில் வித்தியாசம் தெரிந்தால் அதை இனி ஆழமான டைவுக்கு எடுக்காதீர்கள். வீட்டில் துணி துவைப்பது அம்மாவோ மனைவியோ கணவரோ, யாராக இருந்தாலும் அவரிடம் இதைச் சொல்லி வையுங்கள், மெஷின் மூடியில் ஒரு சீட்டும் ஒட்டுங்கள்: சாஃப்ட்னர் வேண்டாம், டிரையர் வேண்டாம். படகுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, நண்பர்கள் காத்திருக்கிறார்கள், ஆனால் அண்டர்சூட் ஈரம் என்றால் அன்றைய டைவை விட்டுவிடுங்கள்.